நெஞ்சு வலி: ‘கேஸ்’தான் என்று யார் முடிவு செய்வது?

“காக்கா, நெஞ்சைப் பிடிச்ச மாதிரி இருக்கு. கேஸ் போல. ஏதாவது குடுங்க.”

மருந்துக் கடை வைத்திருக்கும் எவரும் வாரத்தில் நாலைந்து முறையாவது கேட்கும் பேச்சு இது. 9 வருடங்களுக்கு முன் ஓர் இரவு, 11 மணிக்குக் கடையை அடைக்கப் போகும்போது இதையே சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். வயது 33. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். கல்யாண வீட்டுப் பிரியாணி சாப்பிட்டிருந்தார். உள்ளங்கையை விரித்து நெஞ்சின் நடுவில் வைத்திருந்தார். நெற்றியில் வியர்வை இருந்தது. மே மாதம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமிலத்தைக் குறைக்கும் சிரப் ஒரு பாட்டில் கொடுத்தேன். எதிர்க்கடையில் சோடா வாங்கிக் குடித்தார். பெரிதாக ஏப்பம் வந்தது. “இப்ப பரவாயில்ல காக்கா” என்று சிரித்துவிட்டு பைக்கில் போனார்.

சுப்ஹு தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவருடைய வஃபாத் அறிவிப்பைக் கேட்டேன்.

அவருடைய வாப்பாவும் 50 வயதுக்குள் மாரடைப்பில் இறந்தவர். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். அந்த இரவில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. சிரப்புக்கு வாங்கிய பணம் எவ்வளவு என்பது மட்டும் இன்றுவரை மறக்கவில்லை.

இளம் வயதில் வரும் நெஞ்சு வலிகளில் பெரும்பாலானவை இதயத்தால் வருபவை அல்ல. தசை, விலா எலும்பு, இரைப்பை அமிலம், மனப்பதற்றம் இவைதான் அதிகம். இது உண்மை, ஆறுதலானதும்கூட. ஆனால் தன் பிள்ளை அந்தப் பெரும்பாலானவர்களில் ஒருவனா என்பதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. உம்மாவால் முடியாது, நாட்டு மருந்துக்காரரால் முடியாது, என்னைப் போன்ற மருந்துக் கடைக்காரனாலும் முடியாது. ஒரு இ.சி.ஜி.யும் ஓர் இரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகு மருத்துவர் சொல்ல வேண்டியது அது. கைவைத்தியத்துக்கு இடம் உண்டு, அதைப் பற்றியும் விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் அதன் இடம் பரிசோதனைக்குப் பிறகுதான்.

“இந்த வயசிலா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்த ‘இன்டர்ஹார்ட்’ என்ற பெரிய ஆய்வில், தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்று தெரியவந்தது. மற்ற நாட்டவருக்கு அது ஏறக்குறைய 59. நமக்கு ஆறு வருடம் முந்தி வருகிறது. சராசரியே 53 என்றால் 30களிலும் 40களிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சிகரெட், சர்க்கரை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் ஆகியவை இருந்தால் வயது ஒரு பாதுகாப்பே இல்லை. ஷீஷா புகையைப் பழவாசனை என்பதற்காகத் தனிக் கணக்கில் வைக்கும் தம்பிமார் அதையும் சிகரெட்டோடு சேர்த்துக்கொள்ளட்டும்.

கடையில் நான் கேட்கும் கேள்விகள்

அந்த இரவுக்குப் பிறகு, நெஞ்சு என்ற சொல்லோடு யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் நான் சிரப் கொடுப்பதில்லை. சிலருக்குக் கோபம் வரும். “மருந்து கேட்டா விசாரணை நடத்துறீங்க” என்று பக்கத்துக் கடைக்குப் போனவர்களும் உண்டு.

எப்படி வலிக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன். பாரம் வைத்தாற்போல், இறுக்கிக் கட்டினாற்போல், ஆள் ஏறி உட்கார்ந்தாற்போல் என்றால் எனக்குப் பயம். இடது கை, இரண்டு தோள், தாடை, முதுகு என்று வலி பரவுகிறதா, குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு, குமட்டல், கண் இருட்டிக்கொண்டு வருவது ஏதாவது உண்டா என்று கேட்பேன். மாடிப்படி ஏறும்போது வந்து, உட்கார்ந்தால் குறைகிறதா என்பது முக்கியமான கேள்வி. அப்புறம் குடும்பம்: வாப்பாவுக்கோ காக்கா தம்பிக்கோ 55 வயதுக்கு முன், உம்மாவுக்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் இதய நோய் வந்திருக்கிறதா, விளையாடும்போதோ ஓடும்போதோ திடீரென்று விழுந்து இறந்த இளைஞர் யாராவது குடும்பத்தில் உண்டா என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்குக் காரணம், இதயத்தின் தசை தடித்துப் போகும் ஒரு நோய். அது பரம்பரையாக வரும், பல வீடுகளில் முதல் அறிகுறியே மரணமாக இருந்திருக்கிறது.

இவற்றில் எதற்காவது ‘ஆம்’ என்றால் என் கடையில் மருந்து இல்லை. 108 தான்.

சர்க்கரை நோயாளிகளும் பெண்களும் இந்தக் கேள்விகளில் தப்பிப் போகலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் பாரமாக வராது. வெறும் நெஞ்செரிச்சலாக, சொல்லத் தெரியாத அசதியாக, மூச்சு முட்டலாக வரும். பிரசவமாகிச் சில வாரங்களே ஆன பெண்ணுக்கு நெஞ்சு வலி வந்தால் “பச்சை உடம்பு, வாயு” என்று காயம் கொடுத்து உட்கார வைக்காதீர்கள்.

நீண்ட பயணம் முடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல மணி நேரம் விமானத்தில் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். திடீர் நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது இதன் அடையாளம். உம்ராவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு இந்த வாய்ப்பு சற்றுக் கூடலாம். அதனால் அந்த மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு எடுங்கள். எங்களைப் போன்றவர்களிடம் கேட்டு எடுக்காதீர்கள். ஒல்லியாக, உயரமாக இருக்கும் வாலிபர்களுக்கு, அதுவும் புகைப்பவர்களுக்கு, நுரையீரலில் சிறு ஓட்டை விழுந்து ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலித்து மூச்சு முட்டுவதும் உண்டு. மார்பு எக்ஸ்ரேயில் அது தெரியும். அது சரியாகாமல் விமானம் ஏறக்கூடாது.

முதல் ஒரு மணி நேரம்

வலி வந்தவரைப் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். அவரையே ஓட்டவும் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, அமீரகத்தில் 998, சவூதியில் 997. பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ அந்த எண்ணை அவர்களுடைய போனில் இருக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் பையன்கள் வலியை மறைப்பார்கள். லீவு பிடிப்பார்கள், மெடிக்கலில் தூக்கி விடுவார்கள், ஊருக்கு அனுப்பி விடுவார்கள் என்று ஆயிரம் பயம். உம்மாவிடம் வீடியோ காலில் சிரித்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகத் தயங்க வேண்டாம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு என்று தெரிந்தவருக்கு அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டேடின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இரத்தக்குழாய் அடைபட்ட நேரத்திலிருந்து இதயத்தின் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. அந்த மாத்திரை எத்தனை சீக்கிரம் உள்ளே போகிறதோ அத்தனை நல்லது.

ஒரு இ.சி.ஜி. சரியாக இருந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் எண்ணக்கூடாது. மாரடைப்பின் தொடக்கத்தில் இ.சி.ஜி. நார்மலாகவே இருக்கலாம். அதனால்தான் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை செய்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்க்கிறார்கள். “காசு பிடுங்க ரெண்டு தடவை எடுக்கிறான்” என்று சண்டை போட்டுப் பிள்ளையை அழைத்து வந்துவிடாதீர்கள். இதய தசைக்குப் பாதிப்பு வந்து சில மணி நேரம் கழித்துத்தான் அந்த அளவு இரத்தத்தில் ஏறும்.

வீட்டில் செய்யக்கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. பெரியவர்கள் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை இளைஞனுக்குக் கொடுப்பது ஒன்று. அது இரத்த அழுத்தத்தைச் சடாரென்று இறக்கி ஆளை மயக்கி விடலாம். இன்னொன்று, சோடா குடித்து ஏப்பம் வந்ததும் “கேஸ்தான்” என்று தீர்ப்பு எழுதுவது. சோடாவில் உள்ள வாயுவே ஏப்பமாகத் திரும்பி வருகிறது. வயிறு லேசாகும், மனமும் லேசாகும். அடைத்த குழாய் அடைத்தபடியே இருக்கும். சிரப் குடித்ததும் வலி குறைந்தது என்பதும் இதயம் நன்றாக இருப்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமையோ குடல் புண்ணில் இரத்தக்கசிவோ இல்லாதவருக்கு, 108 மருத்துவ உதவியாளர் போனில் சொன்னால், ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கக் கொடுக்கலாம். ஓதிப் பார்ப்பவர்கள் தாராளமாக ஓதலாம். ஆம்புலன்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தும் ஓதலாம். நோன்பு நேரமாக இருந்தால், நோயாளிக்குக் குர்ஆனே சலுகை கொடுத்திருக்கிறது. இ.சி.ஜி.க்கு உடம்பில் ஒட்டும் கம்பியால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது. பரிசோதனைக்குச் சிறிது இரத்தம் எடுப்பதாலும் முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

“ஒன்றுமில்லை” என்று சொன்ன பிறகு

இனி என் தங்கை மகனின் கதைக்கு வருகிறேன். 24 வயது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ரமளானில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கி ஊருக்கு வந்திருந்தான். ஒரு நாள் காலை 9 மணிக்கு தங்கை போன் செய்தாள். “காக்கா, இவன் நெஞ்சுக்குள்ள கல்லு நிக்கிற மாதிரி இருக்குங்கறான். எச்சி முழுங்கக்கூட முடியலையாம்.”

ஓடினேன். சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி., பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை ட்ரோபோனின், மறுநாள் எக்கோ. எல்லாம் நார்மல். “ஹார்ட்ல ஒன்னும் இல்ல, பயப்படாதீங்க” என்று ஐந்து நாளைக்கு கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அல்ஹம்து லில்லாஹ் என்று வீட்டுக்கு வந்தோம்.

வலி மட்டும் போகவில்லை. காரணம் தெரியாத வலி இருக்கும் வீட்டில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. உம்மம்மா இஞ்சிச்சாறில் எலுமிச்சை பிழிந்து தேன் விட்டுக் கொடுத்தார். சாச்சி பூண்டுப்பால் காய்ச்சினார். ஒரு கூட்டாளி கருஞ்சீரக எண்ணெயைக் கொண்டுவந்து வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் விழுங்கச் சொன்னான். பக்கத்து வீட்டு மாமி கண்ணேறு என்று சொல்லி ஓதி ஊதிய தண்ணீர் அனுப்பினார். (அந்தத் தண்ணீர் ஒன்றுதான் அவனுக்கு எரியவில்லை.) இஞ்சியும் எலுமிச்சையும் இறங்கும்போது பையன் கண்ணில் நீர் வந்தது. “வாயு உடையுது” என்றார்கள்.

இரவில் அவன் போனில் தேட ஆரம்பித்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடி பார்த்தான். நாலாம் இரவு விரல்கள் மரத்து, மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்து “மாமா, நான் மவுத்தாயிடுவேன்” என்று அழுதான். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் நார்மல். முதல் வலிக்குக் காரணம் தெரியாததால் பயம் இரண்டாவது நோயாக வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆறாம் நாள் என் கடைக்கு வந்து சாதாரணமாகக் கேட்டான்: “மாமா, அந்த முகப்பரு கேப்ஸ்யூல் தீர்ந்துபோச்சு. ஒரு அட்டை குடுங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோல் மருத்துவர் எழுதிய டாக்ஸிசைக்ளின். எப்போது போடுகிறாய் என்று கேட்டேன். ஸஹர் முடியும் நேரத்தில், பாங்கு சொல்வதற்குள் அவசரமாக, ஒரு மடக்குத் தண்ணீரில் என்றான். சுப்ஹு தொழுதுவிட்டு உடனே படுத்துவிடுவானாம். அந்தக் கேப்ஸ்யூல் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு கரைந்து, அந்த இடத்தைச் சுட்டுப் புண்ணாக்கியிருக்கிறது. இந்த மருந்தால் இப்படி ஆவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகளும் இப்படிச் செய்யும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அரை மணி நேரமாவது படுக்கக்கூடாது. இந்த இரண்டு வாக்கியத்தை மருந்தோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். அந்த அட்டையைக் கொடுத்ததும் என் கைதான்.

மருத்துவரிடம் போய்ச் சொன்னதும் அவரும் ஒப்புக்கொண்டார். கேப்ஸ்யூலை நிறுத்தி, புண் ஆற மருந்து கொடுத்தார். இஞ்சி, எலுமிச்சை, பூண்டு எல்லாம் நின்றன. ஆறிய கஞ்சி, இளநீர், தயிர்சோறு. பத்து நாளுக்குள் சரியானான். ஆகவே ஆஸ்பத்திரியில் “வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா” என்று கேட்டால் பரு மருந்து, உடம்பேற்றும் பவுடர், எனர்ஜி டிரிங்க், நாட்டு லேகியம் உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவனிடமும் கேட்டார்கள். “ஒன்னும் இல்ல” என்றான். பரு மருந்தை அவன் மருந்தாகவே எண்ணவில்லை.

அந்த “ஒன்றுமில்லை”க்குப் பெயர்கள் உண்டு

மருத்துவர் ஒன்றுமில்லை என்று சொன்னால் இதயத்தில் ஒன்றுமில்லை என்றே பொருள். வலி பொய் என்று பொருள் இல்லை. இளைஞர்களிடம் அதிகம் பார்ப்பது, விலா எலும்பு நடு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் வரும் அழற்சி. பாரம் தூக்கியது, தொடர்ந்து இருமியது, ஜிம்மில் அளவுக்கு மீறியது, நாளெல்லாம் குனிந்து போன் பார்த்தது என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். சில சமயம் ஒன்றுமே இருக்காது. விரலால் அந்த இடத்தை அழுத்தினால் “அதேதான்” என்பார்கள். சில வாரங்கள் இருக்கும், சிலருக்கு மாதக்கணக்கில் போகும். அழுத்தினால் வலிக்கிறது என்பதை வைத்து மட்டும் இதயம் இல்லை என்று வீட்டில் முடிவு கட்டக்கூடாது.

சில பிள்ளைகளுக்கு இடது பக்கம் ஒரு விரல் அளவு இடத்தில் ஊசி குத்தினாற்போல் சில நொடி வலிக்கும். மூச்சை இழுத்தால் கூடும். அசையாமல் நின்று இரண்டொரு நிமிடத்தில் போய்விடும். வளர்ந்துவரும் வயதில் இது சகஜம், ஆபத்து இல்லை, மருந்தும் வேண்டாம்.

காய்ச்சல் சளிக்குப் பிறகு வரும் வலியை மட்டும் இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். மல்லாக்கப் படுத்தால் கூடி, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் குறையும் வலி என்றால் இதயத்தின் உறையில் அழற்சி இருக்கலாம். இதய தசையிலேயே அழற்சி என்றால் மாதக்கணக்கில் பந்து விளையாட்டு கூடாது. அதை மருத்துவர்தான் அனுமதிக்க வேண்டும்.

கல்யாணமாகாத பெண் பிள்ளைகளுக்குப் படபடப்பும் மாடி ஏறினால் நெஞ்சு அடைப்பும் என்றால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பாருங்கள். இரத்த சோகைக்குப் பேரீச்சம்பழம் போதும் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டு. நல்ல பழம்தான். ஆனால் 100 கிராமில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்புச்சத்துதான் இருக்கிறது. ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவைக்கு அது எங்கே போதும்? ஈரலும் இறைச்சியும் கீரையும் வேண்டும், குறைவு அதிகமென்றால் மாத்திரையும் வேண்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கிடைக்கிற இரும்பையும் அது தடுத்துவிடும்.

எந்த வலிக்கு எந்தக் கைவைத்தியம்

தசை, விலா எலும்பு வலிக்கு நம் பெரியவர்கள் கொடுத்த ஒத்தடம் உண்மையிலேயே நல்ல மருந்து. கல்லுப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் அளவில் கால் மணி நேரம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பாரம் தூக்குவதைச் சில வாரம் நிறுத்தி, கதவு நிலையில் இரு கையையும் ஊன்றி நெஞ்சை மெதுவாக முன்னே விரிக்கும் பயிற்சி செய்தால் போதும். வயிறு புண்ணாக இருப்பவர் இதற்கு வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடவேண்டாம்.

அமிலம் மேலேறும் எரிச்சலுக்கு எதைக் குடிப்பது என்பதைவிட எப்போது படுப்பது என்பதுதான் முக்கியம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க வேண்டும். ரமளானில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. நோன்பு திறந்ததும் வடை, சமூசா, பிறகு தராவீஹ், பிறகு ஒரு முழுச் சாப்பாடு, உடனே படுக்கை. ஸஹரிலும் அதே கதை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல் திர்மிதியில் உள்ளது. எரிச்சல் உள்ளவருக்கு அதைவிட நல்ல சீட்டு எந்த மருத்துவரும் எழுத முடியாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் மோசமாகும்.

புதினா டீ விஷயத்தில் பலருக்கு வருத்தம் வரும். பிரியாணிக்குப் பிறகு அது சுகம்தான். ஆனால் புதினா, உணவுக்குழாயின் அடியில் உள்ள வால்வைத் தளர்த்துவதால் அமிலம் மேலே வர வழி விடுகிறது. சீரகத் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் வயிறு உப்புசத்துக்குச் சிலருக்கு இதமாக இருக்கின்றன. வெதுவெதுப்பாகக் கொஞ்சம் குடித்தால் கெடுதல் இல்லை. இஞ்சி குமட்டலுக்கு நல்லது. நெஞ்செரிச்சலை அது சிலருக்குக் கூட்டும். அதிமதுரத்தை வயிற்றுப் புண்ணுக்கென்று நாள் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: அதிகமானால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே தடம் மாற்றும். விழுங்க முடியாமை, கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைதல் இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

பூண்டு, மருதம்பட்டை, கருஞ்சீரகம் மூன்றும் ‘இதயத்துக்கு நல்லது’ என்ற பெயரில் வருபவை. இவற்றைப் பற்றிச் சிறு சிறு ஆய்வுகள் உண்டு. கருஞ்சீரகம் இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாகவும், மருதம்பட்டை இதயநோயாளிகளுக்கு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும்போது சற்று உதவுவதாகவும் அவை சொல்கின்றன. இவை பல வாரங்கள் எடுத்த பிறகு தெரியும் சிறு பலன்கள். இரவு 11 மணிக்கு வரும் வலிக்கு இவற்றால் ஆவது எதுவும் இல்லை. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டையும் இஞ்சியையும் மருந்து அளவில் சாப்பிட்டால் இரத்தக்கசிவு வரலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு கருஞ்சீரக எண்ணெய் சேர்த்தால் அளவு அதிகமாக இறங்கலாம். சமையலில் போடும் அளவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

பதற்றத்தால் வரும் வலிக்கு மூச்சுதான் மருந்து. நாலு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விட வேண்டும். என் மருமகன் எண்ணுவதற்குப் பதில் மெதுவாக திக்ர் செய்தான், அதுவும் நன்றாகவே வேலை செய்தது. காகிதப் பையில் மூச்சு விடச் சொல்வதை விட்டுவிடுங்கள், உண்மையில் நுரையீரலிலோ இதயத்திலோ நோய் இருந்தால் அது ஆபத்து. வாரக்கணக்கில் பதற்றம் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கம் எதற்கு?

கருஞ்சீரகம் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் என்ற ஹதீஸைச் சொல்லி, “நபிமருத்துவம் இருக்க ஆஸ்பத்திரி எதற்கு” என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. புகாரியில் உள்ள அந்த ஹதீஸை நாம் மறுக்கவில்லை. ஆனால் நெஞ்சு நோயைப் பற்றியே ஒரு செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்து, அவருடைய நெஞ்சில் கை வைத்தார்கள். இது இதயத்தின் நோய் என்றார்கள். மருத்துவம் பார்ப்பவரான ஸகீஃப் கோத்திரத்து ஹாரிஸ் பின் கலதாவிடம் போகச் சொன்னார்கள். ஏழு அஜ்வா பேரீச்சம்பழங்களைக் கொட்டையோடு இடித்துக் கொடுக்கட்டும் என்பதும் அதில் வருகிறது. அறிவிப்பாளர் தொடரில் அறிஞர்களுக்குப் பேச்சு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அஜ்வாவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்ட நாம், அதற்கு முன்னால் வரும் மருத்துவரை மறந்துவிட்டோம். நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள், அல்லாஹ் நிவாரணம் இல்லாத நோயை வைக்கவில்லை என்ற கருத்தில் உள்ள ஹதீஸும் அதே அபூதாவூதில் இருக்கிறது.

பையனுக்கு எடுத்த இ.சி.ஜி. தாளைத் தங்கை பழைய பேப்பரோடு போடப் பார்த்தாள். தடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தத் தாளில் அச்சு நாளடைவில் மங்கிவிடும். அதனால் படம் எடுத்து அவன் போனிலும், அவன் வாப்பா போனிலும், என் போனிலும் போட்டிருக்கிறேன். நாளைக்குச் சென்னையிலோ துபாயிலோ அவனுக்கு வலி வந்தால், புதிய இ.சி.ஜி.யில் தெரியும் ஒரு கோடு புதிதா பழையதா என்று அங்கிருக்கும் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க முதலில் கேட்பது இதைத்தான். உங்கள் வீட்டில் யாருக்காவது எடுத்த தாள் அலமாரியில் கிடந்தால் இன்றிரவே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.